வெடிக்காத எஞ்சின்

டொலிடோவிலிருந்து விடியற்காலையில் கிளம்பிய எம்மெட் ஃபேர்லி நேராக வெர்னா ஹாலட்டின் வீட்டுக்கு வந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. ஊர் எல்லையில் இருந்த உணவகத்தில் காலைச் சாப்பாட்டுக்கு நின்றார். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது.

முட்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் சாப்பிட்டு முடித்துவிட்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இங்க ஹாலட் வீடு எங்க இருக்குன்னு தெரியுமா? மஞ்சள் கலர் ஓல்ட்ஸ்மொபைல் ஒண்ணு விக்கிறாங்களாம். பார்க்க வந்திருக்கேன்."

கவுண்டரில் வரிசையாக உட்கார்ந்திருந்த ஐந்து தொப்பிகளும் ஒரே நேரத்தில் திரும்பின.

"ராயோட காரா? எஞ்சின் வெடிச்ச காரு" என்றார் ஒருவர்.

"எழுபத்தி நாலுல. பந்தயத்துல. பாதி வழியில டமார்னு" என்றார் இன்னொருவர்.

"புகை அடுத்த ஊர் வரைக்கும் போச்சாம்" என்று மூன்றாமவர் தன் பங்குக்குச் சேர்த்தார்.

எம்மெட் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டை எடுத்தார். "அப்போ இப்ப அதுல இருக்குறது வேற எஞ்சினா?"

"பின்ன? வெடிச்சதையே வெச்சா ஓட்ட முடியும்?"

கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது. "வாங்க, நான் வழி காட்டுறேன். என் வண்டி பின்னாலயே வாங்க. அன்னிக்கு அவனோட பந்தயம் விட்டவனே நான்தான்."

அவர் டெல்பர்ட். வெர்னாவின் கணவன் ராய்க்குப் பெரியப்பா மகன்.

மஞ்சள் கார் விற்பனைக்கு வந்து அன்றோடு இருபத்தாறு நாள். வாராவாரம் நம்மோடு வருகிறவர்களுக்கு இந்த வீட்டின் நிலவரம் தெரியும். லான்சிங் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் கார் இருக்கை தைத்த வெர்னா, ஐம்பத்தாறாம் வயதில் வேலையை விட்டிருக்கிறாள். பிரிட்ஜ் தெருவில் காலியாகக் கிடக்கும் பழைய செருப்புக் கடையில் சொந்தமாக இருக்கை தைக்கும் கடை வைக்கப் போகிறாள். திங்கட்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளிடம் இருக்கிற ஒரே பெரிய சொத்து 1970-ஆம் வருடத்து ஓல்ட்ஸ்மொபைல் ஃபோர்-ஃபோர்-டூ. கல்யாணத்துக்கு முன்பே, இருபது வயதில், தன் சம்பளத்தில் புதிதாக வாங்கியது.

இந்த இருபத்தாறு நாளில் வந்தவர்களைச் சொன்னால் சிரிப்பு வரும். சும்மா உள்ளே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் நான்கு பேர். கேட்ட விலையைவிட அதிகத் தொகைக்குச் செக் அனுப்புகிறேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று எழுதிய மோசடிக்காரன் ஒருவன். காருக்கு மாற்றாக இரண்டு பனி வண்டியும் ஒரு படகும் தருகிறேன் என்றவர் ஒருவர். அந்தப் படகைப் பார்க்க ராய் தனியாகப் போய்விட்டு வந்ததும், அதற்கு வெர்னா இரண்டு நாள் அவனோடு பேசாததும் போன வாரத்துக் கதை.

எம்மெட் மட்டும்தான் முறையாகப் பேசியவர். குழாய்ச் சாமான் கடை வைத்திருப்பவர். தொலைபேசியில் பதினேழு கேள்வி கேட்டார். பதினேழுக்கும் வெர்னா பதில் சொன்னாள். நாற்பத்தாறாயிரம் டாலர் என்றதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. காரை ஏற்றிப்போக டிரெய்லரோடு வருகிறேன் என்றார்.

ஒன்பதரை மணிக்கு டெல்பர்ட்டின் வண்டி முன்னால் வர, பின்னால் எம்மெட்டின் வண்டியும் டிரெய்லரும் வந்து நின்றன. வாசல் பாதையில் கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. வெர்னா மான்தோல் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் டெஸ் லான்சிங்கிலிருந்து அதிகாலையிலேயே வந்து, காருடைய காகிதங்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தாள்.

எம்மெட் நேராக ராயிடம் போய்க் கை நீட்டினார்.

"அவகிட்டப் பேசுங்க. காரு அவளோடது" என்றான் ராய். சொல்லிக்கொண்டே டெல்பர்ட்டைப் பார்த்தான். "நீ எங்க இங்க?"

"வழி காட்ட வந்தேன். போகச் சொன்னா போயிடறேன்." டெல்பர்ட் போகவில்லை. தபால் பெட்டிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு காகிதக் கோப்பையில் இருந்த காப்பியை ஊதினார்.

எம்மெட் காரை முக்கால் மணி நேரம் பார்த்தார். துருவைப் பூசி மறைத்திருக்கிறார்களா என்று, துணி சுற்றிய காந்தத்தைக் கதவின் அடிப்பக்கம் முழுக்க நகர்த்திப் பார்த்தார். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள தகட்டு எண்ணை நோட்டில் குறித்துக்கொண்டார். மூடியைத் திறந்து எஞ்சினை ரொம்ப நேரம் பார்த்தார். எஞ்சின் முழுக்கக் கறுப்பு வண்ணம் அப்பியிருந்தது.

பிறகு கைக்குட்டையில் கை துடைத்தார்.

"மிஸஸ் ஹாலட், விளம்பரத்துல இதோட சொந்த எஞ்சின்னு போட்டிருக்கீங்க. போன்லயும் அதேதான் சொன்னீங்க."

"ஆமா."

"ஊர்ல வேற மாதிரி சொல்றாங்க. உங்க வீட்டுக்காரர்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காராம். எழுபத்தி நாலுல வெடிச்சு, பழைய சாமான் கடையிலேர்ந்து வேற எஞ்சின் எடுத்துப் போட்டதா." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு எஞ்சின் மாத்துனதுல ஒண்ணும் இல்ல. அதுக்கு ஒரு விலை இருக்கு. இருபத்தேழாயிரம். ஆனா பொய் சொல்லி வர வெச்சதுதான் எனக்குப் பிடிக்கல."

வெர்னா ராயைப் பார்த்தாள். ராய் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் பேசியது டெஸ்தான். அவள் முகம் சிவந்துவிட்டது.

"அம்மா, நீ ஏன் அப்படிப் போட்ட? எஞ்சின் மாத்தினதுதானே? நான் ஆறாம் வகுப்புல அதை வெச்சுக் கட்டுரையே எழுதினேன். அப்பா மூணு வாரம் கொட்டகையில உக்காந்து ஒத்தையா எஞ்சின் மாத்தின கதை. பரிசு கூடக் குடுத்தாங்க."

"தெரியும். அந்தக் காகிதம் இன்னும் என்கிட்ட இருக்கு" என்றாள் வெர்னா.

"அப்புறம் ஏன்?"

வெர்னா துணியை மடித்துக் காரின் மேல் வைத்தாள். "ஐயா, பத்து நிமிஷம் குடுங்க" என்று எம்மெட்டிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். ராய் பின்னாலேயே போனான்.

சமையலறையில் அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள். கழுவ வேண்டிய அழுக்கு ஒன்றும் கையில் இல்லை.

"நீ சொல்லிடேன்" என்றான் ராய் மெதுவாக. "எஞ்சின் வெடிக்கலன்னு நீ சொல்லிடு. நான் குறுக்க பேச மாட்டேன்."

"நான் சொன்னா, விலைக்காகச் சொல்றேன்னு ஆகும். ஏற்கெனவே பொய்க்காரின்னு சொல்லிட்டாரு. நம்ம பொண்ணும் அப்படித்தான் நினைக்கிறா."

"டெல்பர்ட் அங்க நிக்கிறான், வெர்."

"பார்த்தேன்."

"டெஸ்ஸையாவது உள்ள கூப்பிட்டுக்கோயேன்."

"அவ இருக்கணும்."

ராய் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். சாலைத் துறையில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். கண் தெரியாத புயலில் முப்பது வருடம் வண்டி ஓட்டியவன். இப்போது வாசல் வரை போக அவனால் முடியவில்லை.

வெர்னா துண்டில் கை துடைத்தாள். "நான் உன்னை மிரட்டலே. முப்பத்திரெண்டு வருஷம் நான் வாயைத் திறக்கல. இன்னிக்கும் திறக்க மாட்டேன். அவர் இருபத்தேழுக்குத்தான் வாங்குவாருன்னா கார் விக்கல. கடையும் வேண்டாம். ஆனா என் காரைப் பத்தி நான் பொய் சொன்னேன்னு ஒருத்தர் நோட்டுல எழுதிட்டுப் போறது எனக்குக் கஷ்டமா இருக்கு. அவ்வளவுதான்."

அவள் வெளியே போய்விட்டாள்.

எம்மெட் நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கணக்கு வைத்திருந்த வங்கிக்கு லான்சிங்கில் கிளை உண்டு. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். மணி பத்தரை.

"என்ன முடிவு பண்ணினீங்க?"

"விலை நாற்பத்தாறு" என்றாள் வெர்னா.

"அப்போ சரி. நேரம் வீணாப் போச்சு." அவர் வண்டிக் கதவைத் திறந்தார். டெல்பர்ட் கோப்பையைக் கசக்கினார். டெஸ் காருடைய காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு தலையைத் திருப்பிக்கொண்டாள்.

எம்மெட் வண்டியைக் கிளப்பிவிட்டார். டிரெய்லர் ஒரு அடி நகர்ந்தபோது, கார் கொட்டகையின் பக்கக் கதவு திறந்தது. ராய் வந்தான். ஒரு கையில் பெயிண்ட் உரிக்கும் திரவ டப்பா. இன்னொரு கையில் சுரண்டும் தகடு.

அவன் நேராக எம்மெட்டின் ஜன்னலுக்குப் போய், டப்பாவால் கதவைத் தட்டினான்.

"எஞ்சின் வெடிக்கல" என்றான்.

எம்மெட் வண்டியை அணைத்தார்.

"என்ன சொன்னீங்க?"

"வெடிக்கவே இல்ல. இறங்கி வாங்க. எல்லாருக்கும் கேக்கணும், ஒரு தடவைதான் சொல்லுவேன்." ராய் திரும்பினான். டெல்பர்ட்டைப் பார்த்துத்தான் பேசினான். "அன்னிக்குப் பந்தயத்துல மூணாவது கியர் விழல. கை தவறிடுச்சு. நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சே இருந்தேன். அது கத்தின கத்தல்ல எல்லாரும் எஞ்சின் போச்சுன்னு நினைச்சுட்டாங்க. நீதான் முதல்ல ஓடி வந்து கேட்ட, எஞ்சினா போச்சுன்னு. நான் ஆமான்னுட்டேன்."

தெருவில் யாரோ புல்வெட்டும் வண்டியைக் கிளப்பினார்கள்.

"ஆமான்னு சொன்னதுக்கு அப்புறம் எஞ்சின் மாத்தித்தானே ஆகணும்" என்றான் ராய். "மூணு வாரம் கொட்டகையைப் பூட்டி வெச்சேன். பார்த்தா வேற எஞ்சின் மாதிரி இருக்கணும்னு கறுப்பு அடிச்சேன். ரெண்டு கோட்டிங். வெர்னா அன்னிக்கு வேலிப் பக்கத்துல சோடா பாட்டிலோட நின்னா. அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல. இன்னி வரைக்கும் சொல்லல. இவர் இப்ப பொய்க்காரின்னு சொன்னாரே, அவளை. இந்த வீட்டுல பொய் சொன்னது நான்."

டெஸ் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த மூணு வாரம் ராத்திரியும் பகலும் கொட்டகையில என்ன பண்ணீங்க?"

"ரேடியோ கேட்டேன்."

அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது.

எம்மெட் மட்டும் அசையவில்லை. "சொல்லிட்டீங்க. நல்லது. ஆனா ஒரு மணி நேரம் முன்னாடி ஊரே வேற கதை சொல்லிச்சு. நான் எதை நம்புறது?"

"என்னை நம்ப வேண்டாம்" என்றான் ராய். "அந்த வருஷத்து எஞ்சின்ல காரோட எண் அடிச்சிருக்கும். டிரைவர் பக்கம், முன்னால, தலைப்பாகத்துக்குக் கீழ. நான் அது மேலயும் கறுப்பு அடிச்சுட்டேன். இப்ப உரிச்சுக் காட்டுறேன். நீங்க நோட்டுல எழுதின எண்ணை யாருக்கும் காட்டாதீங்க."

மூடி மறுபடியும் திறந்தது. ராய் குனிந்து, திரவத்தைத் தடவினான். பதினைந்து நிமிடம் ஊற வேண்டும். அந்தப் பதினைந்து நிமிடம் ஐந்து பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். பெயிண்ட் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கொப்பளம் விட்டது. ராய் தகட்டால் மெதுவாகத் தள்ளினான். முதல் கோட்டிங் தோலாக உரிந்து வந்தது. கீழே இன்னொன்று.

"கம்பி பிரஷ் போடாதீங்க, எண் தேஞ்சிடும்" என்றார் எம்மெட். அவரையறியாமல் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

டெஸ் வீட்டுக்குள் ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு பல் துலக்கும் பிரஷ். "நகருங்க அப்பா, நான் தேய்க்கிறேன்" என்று சொல்லி, அவளே குனிந்து தேய்த்தாள்.

மங்கலாக ஒரு கோடு தெரிந்தது. பிறகு ஒரு வளைவு.

"ஒண்ணு" என்றாள் டெஸ். "எட்டு. அடுத்தது... அஞ்சு."

எம்மெட் பையிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்தார்.

"மூணு. இது பூஜ்யம்." அவள் துணியால் ஒரு முறை ஒற்றியெடுத்தாள். "ஆறு."

எம்மெட் நோட்டைப் பார்த்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்து, எண்களுக்கு அடியில் இருந்த நுண்ணிய கீறல் வரிசையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நோட்டை வெர்னாவின் பக்கம் திருப்பிக் காட்டினார். ஒன்று, எட்டு, ஐந்து, மூன்று, பூஜ்யம், ஆறு.

"இது பின்னால அடிச்ச எண் இல்ல. கீழ இருக்குற கீறல் தொழிற்சாலைக் கீறல்" என்றார். தொப்பியைக் கழற்றினார். "மிஸஸ் ஹாலட், நான் உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிக்கணும்."

டெஸ் பிரஷைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கையில் இருந்த கறுப்பு வண்ணமெல்லாம் வெர்னாவின் வெள்ளைச் சட்டையில் அப்பியது. வெர்னா அதைக் கவனிக்கவே இல்லை.

தபால் பெட்டிப் பக்கம் ஒரு வண்டிக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. டெல்பர்ட் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ராய் அந்த வண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டிப் பார்க்கணுமே" என்றார் எம்மெட்.

"நான் ஓட்டுறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க. காசு கை மாறுற வரைக்கும் ஸ்டியரிங் என்கிட்டதான்" என்றாள் வெர்னா.

ஊரைத் தாண்டினால் சோள வயல்களுக்கு நடுவே நேரான சாலை. வெர்னா இரண்டு மைல் நிதானமாகத்தான் போனாள். எஞ்சின் சூடாகட்டும் என்று காத்திருந்தாள். பிறகு முன்னும் பின்னும் ஒரு முறை பார்த்தாள்.

"பெல்ட் போட்டிருக்கீங்கதானே?"

"போட்டிருக்கேன்."

முதல் கியரில் எம்மெட்டின் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவதில் நோட்டு அவர் மடியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாவது கியர், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. வயல்கள் பச்சைக் கோடாகி ஓடின. அவர் ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

வேகத்தைக் குறைத்து வண்டியைத் திருப்பும்போது அவர் மூச்சு விட்டுக்கொண்டு, இருக்கையின் ஓரத் தையலைத் தடவிப் பார்த்தார்.

"இதை யார் தைச்சது? பழைய மாதிரியே இருக்கு. ஆனா நூல் புதுசு."

"நான்தான். போன குளிர்காலத்துல."

"என்கிட்ட இன்னொரு காரு இருக்கு. உள்ள முழுக்கக் கிழிஞ்சு தொங்குது. தைக்க ஆள் கிடைக்காம ரெண்டு வருஷமா நிக்குது."

"திங்கட்கிழமைக்கு மேல பிரிட்ஜ் தெருவுக்குக் கொண்டு வாங்க" என்றாள் வெர்னா. "கடைக்குப் பேர்ப்பலகை இருக்காது. கதவு திறந்திருக்கும்."

வீட்டு வாசலில் இறங்கியதும் எம்மெட் தொண்டையைச் செருமினார்.

"நாற்பத்தி மூணு தரேன்."

"நாற்பத்தாறு."

"கொஞ்சம் விட்டுக் குடுக்கலாமே. எஞ்சின் வண்ணம் எல்லாம் எடுத்துத் திருப்பி அடிக்கணும்."

"ஒன்பதரை மணிக்குக் கேட்டிருந்தா நாற்பத்தி நாலுக்கு ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றாள் வெர்னா. "ஒன்பதரை மணிக்கு நீங்க வேற கேட்டீங்க."

எம்மெட் அவளைப் பார்த்தார். ராயைப் பார்த்தார். ராய் வானத்தைப் பார்த்தான். எம்மெட் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"பதினொண்ணேகால் ஆச்சு. வங்கிக்கு யார் வண்டியில போறது?"

டெஸ்ஸின் வண்டியில் மூன்று பேரும் போனார்கள். ராய் வீட்டில் இருந்தான். பதினொன்று ஐம்பதுக்கு வங்கிக்குள் நுழைந்தார்கள். மூடும் நேரத்தில் வந்தவர்களைப் பார்த்துக் கவுண்டர் பெண் முகத்தைச் சுளித்தாள். காருக்கு என்று தெரிந்ததும், என்ன கார் என்று கேட்டாள். பெயரைச் சொன்னதும் எழுந்து போய் மேலாளரையும் கூட்டிவந்தாள். அந்த ஊரில் பாதிப் பேருடைய அப்பாவோ அம்மாவோ அந்தக் கார்களைக் கட்டியவர்கள்.

வங்கியே எழுதித் தரும் செக்காக, வெர்னாவின் கண் முன்னால் எழுதி, அவள் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். வெர்னா எழுத்தையும் எண்ணையும் இரண்டு முறை படித்தாள். பிறகு உரிமைப் பத்திரத்தின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டாள். முப்பத்தாறு வருடம் அந்தப் பத்திரத்தில் இருந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அதைப் பார்த்த மேலாளர், "முதல் சொந்தக்காரரா?" என்று கேட்டார்.

"முதலும் கடைசியும். இவருக்கு முன்னாடி வரைக்கும்" என்றாள் வெர்னா.

திரும்பி வரும் வழியில் டெஸ் பிரிட்ஜ் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள். செருப்புக் கடையின் தூசி படிந்த கண்ணாடிக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தாள். வெர்னா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் கண்ணாடிக்குள் தையல் இயந்திரங்கள் எங்கே நிற்கும் என்று விரலால் காட்டினாள். பின் இருக்கையிலிருந்து எம்மெட், "பெரிய கதவு பின்பக்கம் இருக்கா? கார் உள்ள வரணுமே" என்று கேட்டார். இருக்கிறது என்று அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வீட்டில் ராய் எண் பலகையைக் கழற்றி வைத்திருந்தான். எஞ்சினில் ஒட்டியிருந்த திரவத்தையும் துடைத்துச் சுத்தம் செய்திருந்தான். அந்த ஆறு எண்களும் வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தன.

டிரெய்லரின் சரிவுப் பலகையில் காரை ஏற்றியது வெர்னாதான். எம்மெட் கேட்டார், ராயும் கேட்டான், அவள் யாரிடமும் சாவியைத் தரவில்லை. ஏற்றி, பிரேக் போட்டு, இறங்கி, சாவியை எம்மெட்டின் உள்ளங்கையில் வைத்தாள்.

"குளிர்ல கிளப்பும்போது ரெண்டு தடவை மிதிங்க. மூணு தடவை மிதிச்சா கோவிச்சுக்கும்."

"எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கோங்க."

அவர் நிஜமாகவே எழுதிக்கொண்டார்.

டிரெய்லர் தெரு முனையில் திரும்பியது. மஞ்சள் நிறம் மரங்களுக்கு நடுவே ஒரு முறை தெரிந்து மறைந்தது. டெஸ் உள்ளே போய்க் காப்பி போட ஆரம்பித்தாள். வெர்னாவும் ராயும் வாசல் பாதையில் நின்றார்கள். எண்ணெய்க் கறைகளைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"ஏன் வெர், ஒரு தடவை கூடச் சொல்லிக் காட்டலையே நீ" என்றான் ராய். "எத்தனை சண்டை போட்டிருக்கோம். ஒரு சண்டையிலயாவது சொல்லியிருக்கலாம்."

வெர்னா யோசித்தாள். "முதல் தடவை பாவமா இருந்துச்சு. அப்புறம் நீ அதைச் சொல்ற அழகைக் கேட்க ஆரம்பிச்சுட்டேன். வருஷா வருஷம் புகை அதிகமாயிட்டே போச்சு."

ராய் சிரித்தான். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு அந்த உணவகத்துக்கு எப்படிப் போவேன்னு தெரியல."

"நானும் வரேன். சேர்ந்து போவோம்."

அப்போது தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. டெல்பர்ட் இறங்கினார். தலையில் தொப்பி இல்லை. காலையில் இருந்த அலட்டல் ஒன்றும் முகத்தில் இல்லை. பாதி வழி வந்து, எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில் நின்றார்.

"வாங்கிட்டுப் போயிட்டாரா?"

"போயிட்டாரு. கேட்ட விலைக்கு" என்றாள் வெர்னா.

"நல்லது." அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "ரெண்டு மணி நேரமா ஆத்தங்கரையில வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்குப் போக முடியல."

ராய் ஒரு அடி முன்னால் வந்தான். "டெல்பர்ட், நீ நேர்மையா ஜெயிச்ச. அதை நான் முப்பத்திரெண்டு வருஷம் ஒத்துக்கல. உன்கிட்ட நான்..."

"பேசாத. அதைச் சொல்லாத." டெல்பர்ட் கையை உயர்த்தித் தடுத்தார். "நேர்மைன்னு மட்டும் சொல்லாத, ராய். அன்னிக்குப் பொய் சொன்னது நீ மட்டும்தான்னு நினைச்சியா?"

சமையலறை ஜன்னலில் டெஸ்ஸின் முகம் தெரிந்தது. வெர்னா கொட்டகைக்குள் போய் மூன்று மடக்கு நாற்காலிகளை எடுத்துவந்து, கார் நின்ற இடத்தில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டாள்.

"உக்காரு, டெல்பர்ட்" என்றாள்.